ஒரே கம்பியில் ஏழு சுரம்: லயத்து வீட்டில் கிட்டார் பழகிய அனுபவம்

கிட்டாரை வீட்டிலேயே பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுபோகிறார்கள். ஏழெட்டு கோட், அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவிடும் பிடிகள், பிடிக்க வரும். நாலைந்து பாட்டுக்குப் பின்னால் தட்டிக்கொண்டு போகவும் வரும். அதற்கப்புறம் புதிதாக ஒரு பாட்டு வந்தால், யாராவது கோட் எழுதிப் போட்டிருக்கிறார்களா என்று ஃபோனில் தேட வேண்டும். இசைக் கோட்பாடு படித்தால் இது தீரும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கோட்பாடு என்றதும் ஐந்து கோடும் கறுப்புப் புள்ளிகளுமாக, பரீட்சைக்குப் படிக்கிற தனிப் பாடம்தான் கண்முன் வரும். அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவோம்.

நான் இலங்கை மலையகத்தில் நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஆசிரியர் இல்லாமல் பழகியவன். கொழும்புக்கு வேலைக்குப் போன சித்தப்பா மகன் விட்டுப்போன கிட்டார்தான் என் முதல் கிட்டார். இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: கோட்பாட்டில் எதைப் படித்தாலும் அன்றைக்கே அதைக் கம்பியில் தொட்டுக் கேட்டுவிட வேண்டும். விரல் எந்தக் கோட்டைப் பிடித்தாலும் அதற்குள் என்னென்ன சுரம் இருக்கிறது என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். இரண்டையும் பிரித்து வைத்தால் இரண்டுமே வளராது.

முதலில் இடம், நேரம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லயத்தில் பழகுவது தனி வீட்டில் பழகுவது போல இல்லை. நம் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் பல இடங்களில் கூரை வரைக்கும் போகாது. விடியற்காலையில் எழுந்து பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு) போகிறவர்கள் ராத்திரி நேரத்தோடு படுத்துவிடுவார்கள். அவர்கள் தூக்கத்தைக் கெடுத்து எந்தப் பாட்டும் வேண்டாம். பழைய துவாய் ஒன்றை ஒடுக்கமாக மடித்து, கிட்டாரின் உடலில் கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகிவிடுங்கள். டொக் டொக் என்று மட்டும்தான் கேட்கும். சுரம் தெளிவாக வராது, ஆனால் தாளத்துக்கும் விரல் மாற்றத்துக்கும் அது தாராளமாகப் போதும். கம்பியை மீட்டும் பிக் சில்லு வேண்டாம், பெருவிரலின் சதையால் தடவினாலே போதும்.

லயத்தில் ஒரு சாவு விழுந்தால் காரியம் முடியும் வரை கிட்டாரை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. அது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நாட்களை நான் கொப்பிக்கு வைத்திருக்கிறேன். கணக்குப் பாடத்துக்கு வாங்கும் சதுரக்கோட்டுக் கொப்பி கிட்டாருக்கென்றே அச்சடித்தது போல இருக்கும். ஆறு கோட்டைக் கம்பியாகவும் குறுக்குக் கோட்டை ஃப்ரெட்டாகவும் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடு) வைத்துக்கொண்டு, ஒரு சுரம் எங்கெங்கே வருகிறது என்று நிரப்பிப் பாருங்கள். மேலைத்தேயப் பெயரில் ஜி என்ற சுரம் எங்கே எல்லாம் வருகிறது, சி எங்கே எல்லாம் வருகிறது என்று எழுதி எழுதித்தான் எனக்குக் கிட்டாரின் கழுத்துக் கட்டை மனதில் பதிந்தது.

மழையும் அப்படித்தான். மே மாதம் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி தொடங்கினால் செப்டம்பர் வரைக்கும் எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. தகரத்தில் மழை விழ ஆரம்பித்துவிட்டால் மடியில் இருக்கிற கிட்டாரே நமக்குக் கேட்காது. அந்த நேரத்தில் நான் கோட் மாற்றத்தை மட்டும் செய்வேன். சி கோட்டிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, மோதிரவிரல் மட்டும் ஐந்தாம் கம்பியிலிருந்து மூன்றாம் கம்பிக்குத் தாவுகிறது (மெல்லியது முதலாம் கம்பி, தடித்தது ஆறாம் கம்பி). புதிதாகப் பழகுகிறவர்கள் மூன்று விரலையும் தூக்கிவிட்டுத் திரும்ப வைப்பார்கள். எந்த விரல் அசைய வேண்டியதில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. சத்தம் கேட்காதபோது கண் அதைத் தானாகவே கவனிக்கும்.

சரி, கோட்பாட்டுக்கு வருகிறேன். ஆறு கம்பியையும் மறந்துவிட்டு ஒரே கம்பியில் தொடங்குங்கள். அம்மாவின் தையல் டேப்பை எடுத்து, தலைப்பக்கம் கம்பி உட்காரும் வெள்ளைக் கட்டையிலிருந்து கீழே பிரிட்ஜில் கம்பி உட்காரும் கட்டை வரைக்கும் அளந்து பாருங்கள். என் கிட்டாரில் 65 சென்ரிமீற்றர். பெரும்பாலான கிட்டார்களில் இதை ஒட்டித்தான் இருக்கும். இப்போது 12ஆம் ஃப்ரெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சரியாகப் பாதி, 32.5. அங்கே அழுத்தினால், எங்கும் அழுத்தாத திறந்த கம்பியின் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். கம்பி பாதியானால் அதிர்வு இரண்டு மடங்கு. அந்த ஒரு ஸ்தாயிக்குள் இருக்கும் 12 படிகள்தான் 12 ஃப்ரெட். ஒவ்வொரு படியிலும் மிச்சமிருக்கும் கம்பி ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டு வரும். அதனால்தான் முதல் ஃப்ரெட் கிட்டத்தட்ட 3.6 சென்ரிமீற்றர் அகலமாகவும், 12ஆம் ஃப்ரெட்டுக்கு வரும்போது 2 சென்ரிமீற்றருக்கும் குறைவாகவும் இருக்கிறது.

டேப்பைக் கையில் வைத்திருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 7ஆம் ஃப்ரெட் கம்பியின் மூன்றில் ஒரு பங்கிலும் 5ஆம் ஃப்ரெட் நாலில் ஒரு பங்கிலும் மிகக் கிட்டத்தில் வந்து நிற்கும். அந்த ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே விரலால் அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மீட்டினால் மணி போல ஒரு நாதம் வரும். நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் இந்த இடத்துக்கு வந்ததும் கிட்டாரைக் கீழே வைக்கவே மாட்டார்கள். பின்னம் என்றால் பயப்படுகிற பிள்ளைக்குக்கூட அன்றைக்கு மூன்றில் ஒன்றும் நாலில் ஒன்றும் காதில் விழுந்துவிடுகிறது.

அப்புறம் மூன்றாம் கம்பி. அது திறந்த நிலையில் ஜி. அதில் 0, 2, 4, 5, 7, 9, 11, 12 என்று ஃப்ரெட்டுகளை வரிசையாக வாசியுங்கள். இதுதான் ஜி மேஜர் ஸ்கேல், அதாவது ஜி-யில் தொடங்கும் சுர வரிசை. எல்லா இடத்திலும் இரண்டு இரண்டு ஃப்ரெட்டாகப் போகிறது, மூன்றாம் சுரத்துக்கும் நாலாம் சுரத்துக்கும் நடுவிலும், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலும் மட்டும் ஒரே ஃப்ரெட். புத்தகத்தில் முழுச்சுரம், அரைச்சுரம் என்று பக்கக்கணக்கில் எழுதியிருப்பதை ஒரு கம்பி கண்ணுக்கு முன்னால் காட்டிவிடும்.

இதை நான் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது, சாதாரண தரப் பரீட்சைக்குக் கர்நாடக சங்கீதம் எடுத்திருந்த தங்கச்சி உள்ளேயிருந்து கூடவே பாட ஆரம்பித்தாள். வெளியே வந்து, "அண்ணே, இது சங்கராபரணம்தானே? எனக்குத்தான் இதெல்லாம் மனப்பாடமாச்சே, கேட்டிருக்கலாமே" என்றாள். அவளுடைய சுருதி ஐந்து கட்டை, அதாவது ஜி. என் மூன்றாம் கம்பிதான் அவளுடைய ச. அன்றைக்கு அவள் ஒவ்வொரு சுரமாகப் பாட, நான் ஃப்ரெட்டில் தேடி எழுதிக்கொண்டேன். ச திறந்த கம்பி, சதுஸ்ருதி ரி இரண்டில், அந்தர க நாலில், சுத்த ம ஐந்தில், ப ஏழில், சதுஸ்ருதி த ஒன்பதில், காகலி நி பதினொன்றில்.

மலையகத்தில் இந்த வசதி நிறையப் பேரிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்கள் காதில் ஏற்கெனவே இருப்பதை மேலைத்தேய சங்கீதத்தின் பெயர்களோடு சேர்த்துவிட்டால் பாதிக் கோட்பாடு முடிந்தது. நடபைரவியின் சுரங்கள் இயல்பான மைனர் ஸ்கேல். கீரவாணி ஹார்மோனிக் மைனர். கல்யாணி என்பது மேஜரில் ம மட்டும் ஒரு ஃப்ரெட் ஏறியது. ஹரிகாம்போதி என்பது நி மட்டும் ஒரு ஃப்ரெட் இறங்கியது. ஆனால் சுரங்கள் ஒன்றாக இருப்பதால் ராகமும் அதுவே என்று சொல்லிவிடக் கூடாது. ராகத்துக்குக் கமகம் உண்டு, பிடிகள் உண்டு, எங்கே நிற்க வேண்டும் என்பது உண்டு. கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசிக்கிற பிரசன்னா போன்றவர்களைக் கேட்டால், கம்பியை இழுத்தும் வழுக்கியும் அதற்காக எவ்வளவு செய்ய வேண்டியிருக்கிறது என்பது புரியும். நமக்கு இப்போதைக்கு வேண்டியது சுரங்களின் இடம் மட்டும்தான்.

ஒரு கம்பி பழகிவிட்டால் ஆறு கம்பியும் கணக்காகவே விளங்கும். ஆறாம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் ஐந்தாம் கம்பியின் திறந்த சுரம். ஐந்தில் 5, நாலாம் கம்பி. நாலில் 5, மூன்றாம் கம்பி. மூன்றில் மட்டும் 4. இரண்டில் திரும்பவும் 5. கூட்டிப் பாருங்கள், 24 வரும். அது சரியாக இரண்டு ஸ்தாயி. அதனால்தான் தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் இரண்டுமே ஈ ஆக இருக்கின்றன. சுருதி சேர்க்க ஃபோனில் ட்யூனர் இருந்தாலும், ஒரு கம்பியை மட்டும் அதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை இந்தக் கணக்குப்படி காதால் சேருங்கள். இரண்டு கம்பியும் கொஞ்சம் விலகி இருந்தால் வவ் வவ் என்று ஒரு அலை கேட்கும். நெருங்க நெருங்க அந்த அலை மெதுவாகி நின்றுவிடும். அதைக் கேட்கப் பழகுவதைவிட நல்ல காதுப் பயிற்சி எனக்குத் தெரியாது.

இனி கோட். எந்தக் கோட்டையும் படமாக மட்டும் பிடிக்காதீர்கள். ஈ மேஜரைப் பிடியுங்கள். சுட்டுவிரல் மூன்றாம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும். ஒருமுறை மீட்டுங்கள். இப்போது அந்தச் சுட்டுவிரலை மட்டும் எடுத்துவிட்டு மீட்டுங்கள். ஈ மைனர். வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்கச் சொன்னால், இரண்டாவது கொஞ்சம் சோகமாக இருக்கிறது என்று சங்கீதமே தெரியாதவர்களும் சொல்வார்கள். நடந்தது ஒன்றுதான்: ஜி சார்ப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஜி ஆனது. ஸ்கேலில் ஒன்று, மூன்று, ஐந்தாம் சுரங்களைச் சேர்த்தால் கோட். அதில் மூன்றாவது அரைச்சுரம் இறங்கினால் மைனர். ஒரு விரலால் படித்த இந்தப் பாடம் மறக்கவே மறக்காது.

இதே முறையில் ஜி ஸ்கேலின் ஏழு சுரத்துக்கும் ஒன்று விட்டு ஒன்று சேர்த்துக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர் என்று வரும், ஏழாவது ஒன்று மூன்றாவதோடு ஐந்தாவதும் அரைச்சுரம் இறங்கிய டிமினிஷ்ட். பாட்டுக்குப் பாட்டு ஜி, சி, டி, ஈ மைனர் என்று எழுதியிருப்பது ஏன் என்று அப்போது தெரியும். அவை ஒரே ஸ்கேலில் பிறந்தவை. இனிமேல் கோட்டைப் பெயரோடு எண்ணாகவும் சொல்லிப் பழகுங்கள்: 1, 4, 5, 6. அதே எண்கள் சி ஸ்கேலில் சி, எஃப், ஜி, ஏ மைனர். பாடுகிறவர் சுருதியை மாற்றினால் எண் மாறாது, பெயர் மட்டும்தான் மாறும்.

இங்கே எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது. ஏ மைனரில் போகிற பாட்டுகளில் ஐந்தாவது கோட் ஈ மைனராகத்தானே இருக்க வேண்டும்? ஏன் பல பாட்டில் ஈ மேஜர் வருகிறது? மறுபடியும் அந்தச் சுட்டுவிரலைத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பது ஜி சார்ப். ஏ மைனருக்கு ஏ தான் ச என்றால், ஜி சார்ப் அதன் காகலி நி, ச-வுக்கு ஒரே ஒரு ஃப்ரெட் கீழே. அங்கே நின்றால் ச-வுக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று காது கேட்கும். ஜி இருந்தால் அவ்வளவு இழுக்காது. தங்கச்சியிடம் ஜி வரும் ஸ்கேலை முதலிலும் ஜி சார்ப் வருவதை அடுத்தும் வாசித்துக் காட்டினேன். முதலாவது நடபைரவி, இரண்டாவது கீரவாணி என்றாள். பதில் அதிலேயே இருந்தது.

தாளத்துக்குச் சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோம் வைத்துப் பழகுங்கள், நிமிடத்துக்கு 60 அடியில் தொடங்கினால் போதும். அதோடு ஊரில் கேட்கிற தாளத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பு மேளத்துக்கு ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் ஒவ்வோர் அடி இருக்கிறது. மாசியில் காமன் கூத்துக்கு அடிப்பதும் சாமி ஊர்வலத்துக்கு அடிப்பதும் வேறு வேறு. தப்பு அடிக்கிற மாமா ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் அடிக்கிறதைத் தொடையில் தட்டிப் பழகி, அப்புறம் துவாய் செருகிய கிட்டாரில் அதையே வலதுகையால் செய்தேன். அவர் சொன்னதில் ஒன்று இன்னும் கைகொடுக்கிறது: "அடிக்காத இடத்துலயும் கை ஆடிக்கிட்டே இருக்கணும் தம்பி." கிட்டாரிலும் கம்பியைத் தொடாத அடியில்கூடக் கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தால்தான் தாளம் விழாது. இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவின் துள்ளல் ஆறு எட்டுத் தாளத்தில் இருக்கிறது. ஒன்று முதல் ஆறு வரை எண்ணி, ஒன்றிலும் நாலிலும் அழுத்திப் பாருங்கள், கை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கிட்டாரைப் பாதுகாப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் காலநிலை மரத்துக்கு ஆகாது. மழை மாதங்களில் மரம் ஈரத்தை இழுத்து ஊதும், கம்பி ஃப்ரெட்டைவிட்டு மேலே தூக்கும், அழுத்துவது கடினமாகும். பழகுகிறவர் தன் விரலைக் குறை சொல்லாமல் முதலில் அதைப் பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் தொங்கவிடாதீர்கள், அது குளிர்ந்து வியர்க்கும். ஈரத்துக்குப் பயந்து அடுப்படியிலும் வைக்காதீர்கள். சூட்டில் பிரிட்ஜின் பசை விட்டுவிடும். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து உறைக்குள் போடுங்கள். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியைக் கீழ்ப்பக்கமும் துடையுங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். வாங்கும்போது 0.010 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய செட்டைக் கேட்டு வாங்குங்கள். ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் தேயிலை பனியில் கருகுகிற காலையில் விரல் மடங்காது. ப்ளேன்டீ கோப்பையைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்திருந்துவிட்டுத் தொடங்குவது நல்லது. துணி துவைத்த கையோடு மட்டும் உட்காராதீர்கள். ஊறிய தோலில் கம்பி சீக்கிரம் வெட்டும்.

ஐந்து கோட்டு எழுத்தைக் கடைசியில் படித்தாலும் குற்றமில்லை, ஆனால் படியுங்கள். கிட்டாருக்கு எழுதுவது உண்மையான ஒலியைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படும் என்பதை மட்டும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். தரப் பரீட்சை எழுத நினைக்கும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் உதவும்.

இத்தனையும் சேர்ந்து எனக்குப் பயன்பட்ட இடம் தோட்டத்துக் கோயிலில் நடந்த மார்கழி பஜனை. அங்கே யாரும் சுருதி சொல்லித் தொடங்க மாட்டார்கள். பெரியவர் ஒருவர் எடுத்த எடுப்பில் பாடுவார், ஜால்ராவும் டோலக்கும் சேர்ந்துகொள்ளும். முதல் அடியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள். பாட்டு எந்தச் சுரத்தில் வந்து ஓய்கிறது என்று பார்த்து அதை வாய்க்குள் முனகுங்கள். அதுதான் ச. அதை ஆறாம் கம்பியில் மேலிருந்து கீழே தேடுங்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் கிடைத்தால் ஜி, அப்படியே வாசிக்கலாம். நாலில் கிடைத்தால் அது ஐந்தரைக் கட்டை. முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டுவிட்டு அதே ஜி வடிவங்களைப் பிடியுங்கள். அப்புறம் மூன்றாம் சுரம் மேஜரா மைனரா என்று ஒரு தரம் மெதுவாகத் தடவிப் பார்த்தால் போதும். மோகன ராகத்தில் போகிற பாட்டென்றால் 1, 4, 5 மூன்று கோட்டிலேயே பெரும்பாலும் ஓடிவிடும். இடையில் மெட்டை வாசிக்க ஆசைப்பட்டால் ஜி, ஏ, பி, டி, ஈ என்ற ஐந்து சுரத்துக்குள் எங்கே போனாலும் உறுத்தாது.

மாயாமாளவகௌளை ராகத்தில் வரும் பாட்டுகளில்தான் கவனம் வேண்டும், பக்திப் பாட்டில் அது அடிக்கடி வரும். ஜி-யை ச ஆக வைத்தால் அதன் ரி ஏ ஃப்ளாட், அதாவது ஏ-க்கு ஒரு ஃப்ரெட் கீழே. ஆனால் டி கோட்டுக்குள் இருப்பது வெறும் ஏ. ஐந்தாவது கோட் என்று பழக்கத்தில் டி-யைப் பிடித்தால் பாடுகிறவரின் ரி-யோடு மோதும், பெரியவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பாட்டுகளுக்கு நான் கோட்டையே விட்டுவிட்டு ஜி, டி என்ற ச-ப இரண்டையும் மட்டும் மூன்றாம் கம்பியிலும் நாலாம் கம்பியிலும் திறந்தபடி தம்புரா மாதிரி மீட்டிக்கொண்டிருப்பேன். கேபோ எந்த ஃப்ரெட்டில் இருந்தாலும் அந்த இரண்டு கம்பியும் ச-ப ஆகவே இருக்கும், பாட்டும் தன் போக்கில் போகும்.